முடிவு தெரிந்த நாவலை ஏன் இப்படி ஓடி ஓடிப் படிக்கிறோம்?

பிப்ரவரி 9

கேள்வி இதுதான்: "'தி டே ஆஃப் த ஜக்கால்' நாவலை ஆளாளுக்கு விறுவிறுப்பு, விறுவிறுப்பு என்கிறார்களே, எங்கே இருக்கிறது அது? கிட்டத்தட்ட பாதி வரை வந்துவிட்டேன். ஒருவன் நூலகத்துக்குப் போகிறான், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போடுகிறான், துப்பாக்கிக்கு அளவு சொல்கிறான், அவ்வளவுதான். அதுவும் போக, அவன் கொல்லப் போகும் பிரெஞ்சு அதிபர் டி கோல் சுடப்பட்டுச் சாகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அப்புறம் நான் எதற்குப் பதற வேண்டும்?"

நியாயமான கேள்வி. ஆனால் இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. முதல் பகுதி இழுவையா என்பது ஒன்று. முடிவு தெரிந்த கதையில் பதற்றம் எப்படி வரும் என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியைக் கேட்டுத்தான் 1970இல் பதிப்பாளர்கள் பலர் இந்தக் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பினார்கள். அப்போது டி கோல் பதவியை விட்டு விலகியிருந்தார், உயிரோடும் இருந்தார். இன்னமும் உயிரோடு இருக்கிற ஒருவரைக் கொல்லப் போகிறார்கள் என்று ஒரு நாவல், யார் வாங்குவார்கள் என்று நினைத்திருப்பார்கள். அந்த ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி அவர் வீட்டில் இயற்கையாக இறந்தார். புத்தகம் 1971இல் வந்தது. அடுத்த ஆண்டே சிறந்த நாவலுக்கான எட்கர் விருது.

நான் முதன்முதலில் படித்தது நூலகப் பிரதி. யாரோ ஒரு புண்ணியவான் முதல் பக்க ஓரத்திலேயே பென்சிலால் "குறி தப்பும்" என்று எழுதிவைத்திருந்தார். அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். விடியும் வரை கீழே வைக்கவில்லை.

பிப்ரவரி 9, இரவு

எழுத விட்டது. இனிமேல் கதை முழுவதும் பேசப்படும். முடிவு உட்பட. படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பிப்ரவரி 11

"சாவாரா மாட்டாரா" என்பது இந்த நாவலின் கேள்வியே இல்லை. "எவ்வளவு கிட்டே வருவான்" என்பதுதான் கேள்வி. நாவலை எழுதிய ஃபோர்சைத் இதை முதல் அத்தியாயத்திலேயே நமக்குப் பழக்கிவிடுகிறார். தொடக்கம் ஒரு மரண தண்டனை. 1963 மார்ச் 11, பாரிஸ் புறநகரில் ஒரு கோட்டை, பாஸ்தியன்-தீரி என்ற விமானப்படை அதிகாரியைச் சுட்டுக் கொல்கிறார்கள். இது நடந்த செய்தி. அதற்கு ஏழு மாதம் முன்பு, 1962 ஆகஸ்ட் 22 அன்று, பெத்தி க்ளமார் என்ற இடத்தில் டி கோலின் கார் மீது நடந்த தாக்குதலுக்கு அவர்தான் தலைமை. அதுவும் நடந்ததுதான். நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் சுட்டார்கள், டயர்கள் கிழிந்தன, டி கோலுக்கும் அவர் மனைவிக்கும் ஒரு கீறல் கூட இல்லை. ஓட்டுநர் அந்த சித்ரோயன் காரை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

இங்கேயே நமக்குப் பாடம் நடந்துவிடுகிறது. தோற்றுப்போன ஒரு முயற்சியை, அது தோற்கும் என்று தெரிந்துகொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு படித்து முடிக்கிறோம். அதைப் படிக்க முடிந்தவரால் மொத்த நாவலையும் படிக்க முடியும்.

ஃபோர்சைத் அப்போது ராய்ட்டர்ஸ் செய்தியாளராகப் பாரிஸில் இருந்தவர். அல்ஜீரியாவுக்குச் சுதந்திரம் கொடுத்ததற்காக டி கோலை என்றைக்காவது கொன்றுவிடுவார்கள் என்று அங்கிருந்த செய்தியாளர்கள் எல்லோரும் நாளுக்கு நாள் காத்திருந்த காலம் அது. அந்தக் காத்திருப்பில் இருந்த ஒருவர் எழுதிய புத்தகம் என்பது வரிக்கு வரி தெரிகிறது. 35 நாளில் எழுதி முடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 14

சரி, முதல் கேள்விக்கு வருவோம். முதல் பகுதி இழுவையா?

நாவல் மூன்று பகுதி: சதி, வேட்டை, கொலை. சதிப் பகுதி மட்டுமே ஏறக்குறைய பாதி. அல்ஜீரிய விடுதலையை எதிர்த்த ஓ.ஏ.எஸ். என்ற ரகசியப் படையின் தலைவர்கள் மூன்று பேர் வெளியாள் ஒருவனை ('ஜக்கால்' என்பது அவனுடைய சங்கேதப் பெயர்) அமர்த்துகிறார்கள், ஏனென்றால் அவர்கள் ஆட்களின் பட்டியல் எல்லாம் ஏற்கெனவே பிரெஞ்சு உளவுத்துறையிடம் இருக்கிறது. அவன் கேட்கும் கூலி ஐந்து லட்சம் டாலர். அதைச் சேர்க்க வங்கிகளிலும் நகைக்கடைகளிலும் வரிசையாகக் கொள்ளை நடக்கிறது. அந்தக் கொள்ளைகளே பிறகு போலீஸின் காதில் மணியடிக்கின்றன. யாரும் யாரையும் துரத்தவில்லைதான். ஆனால் ஒவ்வொரு செயலும் இன்னொன்றுக்கு விதை போட்டுவிட்டுப் போகிறது. நமக்கு அது தெரியும், கதையில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால் வேகம் என்பது பக்கத்துக்கு எத்தனை சம்பவம் என்ற கணக்கில் இல்லை. வாசகனுக்குத் தெரிந்ததற்கும் பாத்திரத்துக்குத் தெரிந்ததற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் அது இருக்கிறது. இந்த நாவலில் அந்த இடைவெளி இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. கொலைகாரன் என்ன செய்கிறான் என்று போலீஸுக்குத் தெரியாது, போலீஸுக்கு எவ்வளவு தெரிந்துவிட்டது என்று கொலைகாரனுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நாம். அந்தச் சுமைதான் பக்கத்தைப் புரட்ட வைக்கிறது.

இந்தப் புத்தகத்தின் பாணியில் பிறகு வந்த எத்தனையோ வேக நாவல்களில், மூன்று பக்கத்துக்கு ஓர் அத்தியாயம், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கதவு திறக்கும், யாரோ "நீயா!" என்பார்கள். அவற்றைப் படிக்கும்போது எனக்கு வேகம் தெரிவதில்லை, களைப்புதான் தெரிகிறது.

பிப்ரவரி 15

பாஸ்போர்ட் அத்தியாயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் பல வருடம் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவன். அதனால் அந்த அத்தியாயம் எனக்கு வேறு மாதிரி இருந்தது.

அவன் செய்வதைப் பாருங்கள். கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் சுற்றி, தான் பிறந்த காலத்தை ஒட்டிப் பிறந்து, சின்ன வயதிலேயே இறந்துபோன ஒரு பையனின் கல்லறையைக் கண்டுபிடிக்கிறான். டக்கன் என்று பெயர். பையனின் பிறப்புச் சான்றிதழின் நகலை உரிய அலுவலகத்தில் முறையாகக் கட்டணம் கட்டி வாங்குகிறான். அது அசல். விண்ணப்பப் படிவம் அசல். புகைப்படம் அவனுடையதே. போதகர் ஒருவர் பெயரில் போடும் சான்றொப்பம் மட்டும் போலி. பிறப்புப் பதிவேட்டையும் இறப்புப் பதிவேட்டையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை என்ற ஒரே ஓட்டையில் மொத்தமும் நடந்துவிடுகிறது.

மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். நமக்கு முன்னால் வருவது காகிதம், ஆள் அல்ல. காகிதம் சரியாக இருந்தால் முத்திரை விழும். அந்த அத்தியாயத்தில் பாஸ்போர்ட் அலுவலக எழுத்தர் யாரும் முட்டாளாகக் காட்டப்படவில்லை, லஞ்சம் வாங்கவில்லை. ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார்கள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. துப்பாக்கிக் காட்சிகள் எதிலும் அப்படிப் பயந்ததில்லை.

பிப்ரவரி 16

"இதெல்லாம் கதைக்குச் சரி, நிஜத்தில் நடக்குமா" என்று கேட்டிருக்கிறார்கள். நடந்தது. அதுவும் குற்றவாளிகள் மட்டும் செய்யவில்லை. லண்டன் காவல்துறை 1968இல் தொடங்கிய ரகசிய ஊடுருவல் பிரிவு ஒன்று இருந்தது. போராட்டக் குழுக்களுக்குள் ஆட்களை வருடக்கணக்கில் புகுத்திவைக்கும் வேலை. அந்த ஆட்களில் பலர் இறந்துபோன குழந்தைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் எடுத்துக்கொண்டார்கள், பெற்றோருக்குத் தெரியாமல். 2013இல் இது பெரிதாக வெளியே வந்தது. பதிவேடுகளில் பொருத்தமான குழந்தையைத் தேடுவதற்கு அந்த அதிகாரிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயரில் "ஜக்கால்" இருந்தது. இந்த நாவலிலிருந்து எடுத்ததுதான்.

இதைப் படித்த பிறகு அந்தக் கல்லறைத் தோட்டக் காட்சியைப் பழையபடி படிக்க முடியவில்லை. நாவலில் டக்கனின் பெற்றோர் எங்கேயும் வருவதில்லை, கதைக்கு அவர்கள் தேவையில்லை. நிஜத்தில் அந்தப் பெற்றோர்கள் இருக்கிறார்கள், முகம் இருக்கிறது, விசாரணை ஆணையத்தின் முன் வந்து பேசினார்கள். ஒரு எழுத்தாளர் ஓட்டையைக் காட்டுகிறார், ஓட்டையை அடைக்க வேண்டியவர்களே அதன் வழியாக நுழைந்துபோகிறார்கள். ஃபோர்சைத்தைக் குற்றம் சொல்லவில்லை. எனக்கு வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 16, கொஞ்ச நேரம் கழித்து

'கார்லோஸ் த ஜக்கால்' என்று பெயர்பெற்ற பயங்கரவாதியைப் பற்றியும் கேட்டார்கள். இல்யிச் ராமிரெஸ் சான்செஸ் என்ற வெனிசுவேலாக்காரர். 1975இல் லண்டனில் அவருடைய பொருட்கள் இருந்த வீட்டில் இந்த நாவலின் பிரதி ஒன்றைச் செய்தியாளர் பார்த்ததால் பத்திரிகைகள் வைத்த பட்டப்பெயர்தான் 'ஜக்கால்'. புத்தகம் அவருடையது கூட இல்லை. 1994இல் சூடானில் பிடிபட்டு பிரான்ஸ் சிறைக்குப் போனார். நாவல் வந்து நாலு வருடத்துக்குப் பிறகு ஒட்டிய பெயர், எனவே "அவரை வைத்து எழுதிய நாவல்" என்று சொல்வது தலைகீழ்.

பிப்ரவரி 20

விவரங்கள் பற்றி ஒரு சண்டை நடக்கிறது, அதில் எனக்கும் பங்கு வேண்டும்.

"ஃபோர்சைத் எழுதினால் எல்லாம் நூற்றுக்கு நூறு சரியாக இருக்கும், அதனால்தான் நம்புகிறோம்" என்கிறார் ஒருவர். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பெத்தி க்ளமார் தாக்குதல் ஏன் தோற்றது என்பதற்கு நாவல் ஒரு காரணம் சொல்கிறது. பாஸ்தியன்-தீரி அந்தி எப்போது சாயும் என்று நாட்காட்டியில் பார்த்தாராம், ஆனால் அவர் பார்த்தது 1961ஆம் வருடத்து நாட்காட்டியாம். அதில் 8:35 என்று இருந்தது, 1962இலோ 8:10க்கே இருட்டிவிட்டது, அந்த 25 நிமிடம்தான் பிரான்ஸின் வரலாற்றை மாற்றியது என்று வருகிறது. முதல் தடவை படிக்கும்போது எனக்குச் சிலிர்த்தது.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தால், ஒரே ஊரில், ஒரே தேதியில், சூரியன் மறையும் நேரம் வருடத்துக்கு வருடம் ஒரு நிமிடம் முன்னே பின்னே போகலாம். 25 நிமிடம் போகாது. பூமி அப்படிச் சுற்றுவதில்லை. சொன்ன காரணம் நடக்கவே முடியாதது.

ஆனால் நம்பினோம் இல்லையா? 8:35, 8:10 என்று எண்களாகக் கொடுத்ததால் நம்பினோம். "நேரத்தைத் தவறாகக் கணித்துவிட்டார்" என்று பொதுவாக எழுதியிருந்தால் "எப்படி?" என்று கேட்டிருப்போம். எண் கொடுத்தவுடன் கேள்வி வாயடைத்துப் போகிறது. பாஸ்போர்ட் விவரம் உண்மை என்பதால் வேலை செய்கிறது, இது உண்மைபோல ஒலிப்பதால் வேலை செய்கிறது. பக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வேக நாவல் எழுத நினைப்பவர்கள் இந்த ஒரு பக்கத்தையாவது உட்கார்ந்து ஆராய வேண்டும் என்பேன்.

பிப்ரவரி 21

இல்லை, இதனால் அவர் மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை. மாறாகக் கூடியிருக்கிறது.

பிப்ரவரி 25

பாத்திரங்களுக்கு உயிர் இல்லை என்ற குற்றச்சாட்டு. நாயகன் யார், எங்கே பிறந்தான், ஏன் இந்த வேலைக்கு வந்தான், யாரையாவது நேசித்தானா, ஒன்றும் இல்லை. பெயர் கூடக் கடைசி வரை இல்லை. கால்த்ராப் என்று ஒருவரை அவனாக நினைத்து இங்கிலாந்து போலீஸ் துருவித் துருவித் தேடுகிறது. எல்லாம் முடிந்த பிறகு அந்த நிஜ கால்த்ராப் விடுமுறையிலிருந்து வீடு திரும்பி, என் வீட்டில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார்.

எனக்கு இது குறையாகப் படவில்லை. அவனுக்கு ஒரு சோகமான இளமைக் காலத்தைக் கொடுத்திருந்தால் அவனைப் புரிந்துகொண்டிருப்போம், புரிந்துகொண்டதும் பயம் போயிருக்கும். வேலை செய்யும் கைகளை மட்டும் காட்டுகிறார். ஆர்டென் காட்டில் துப்பாக்கியைச் சோதிக்கும் இடம் நினைவிருக்கிறதா? மனிதத் தலை அளவுள்ள ஒரு பழத்தை வலைப்பையில் போட்டு மரத்தில் தொங்கவிடுகிறான். தொலைநோக்கியின் திருகாணியைக் கொஞ்சம் திருப்பி, ஒரு குண்டு, நடந்துபோய்ப் பார்க்கிறான். திரும்பி வந்து மறுபடி திருகாணி, மறுபடி ஒரு குண்டு, மறுபடி நடை. அவசரமே இல்லை. குறி சரியானதும், உள்ளே பாதரசம் வைத்த குண்டைப் போட்டுச் சுடுகிறான். பழம் இருந்த இடத்தில் பழம் இல்லை. அந்த இடத்தில் டி கோலின் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. இவன் எப்படிப்பட்டவன் என்று இதற்கு மேல் எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

கொலைகாரனைத் தேடும் பிரெஞ்சு போலீஸ் அதிகாரி லெபெல் விஷயத்தில் என் எண்ணம் மெல்ல மெல்ல மாறியது. இளவயதில் படித்தபோது அவர் ஒரு சோர்ந்துபோன குமாஸ்தாவாகத் தெரிந்தார். குள்ளமான ஆள், வீட்டில் மனைவியின் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாதவர், அமைச்சர்களும் தளபதிகளும் உட்கார்ந்திருக்கும் மேஜையின் கடைசியில் தலை குனிந்து அறிக்கை வாசிப்பவர். இப்போது படித்தால் நாவலே அவருடையது என்று தோன்றுகிறது. அந்த மேஜையில் இருக்கும் ஒருவருடைய படுக்கையறை வழியாகத்தான் தகவல் கசிகிறது. அதை லெபெல் ஒலிப்பதிவோடு நிரூபிக்கிறார். யாருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்பது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார்கள். தெரியாது, அதனால் உங்கள் எல்லோருடையதையும் ஒட்டுக்கேட்டேன் என்கிறார். குரலை உயர்த்தாமல். படிக்கும்போது கை தட்டத் தோன்றும், ஆனால் உடனே ஒரு நெருடலும் வரும்: இந்த மனிதரிடம் இந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார், திருப்பி வாங்கிக்கொண்டார்களா?

மார்ச் 1

கோவால்ஸ்கி அத்தியாயம். இதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது.

ஓ.ஏ.எஸ். தலைவருக்குக் காவலாக இருக்கும் முரட்டு ஆள். ரோமில் ஒளிந்திருக்கிறார்கள். அவனுக்கு ஒரு கடிதம் வருகிறது, உன் மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று. மகளைப் பார்க்க பிரான்ஸுக்குள் வருகிறான். வந்ததும் பிடிக்கிறார்கள். கடிதமே பொறி. பிறகு நடக்கும் சித்திரவதையை ஃபோர்சைத் அலுவலகக் குறிப்பு எழுதுவதுபோல எழுதுகிறார். அவன் உளறியதை நாடாவில் பதிவுசெய்து, திரும்பத் திரும்பக் கேட்டு, அர்த்தமாகும் சொற்களைப் பொறுக்கியெடுத்து, அதிலிருந்துதான் "ஜக்கால்" என்ற பெயரே அரசுக்குக் கிடைக்கிறது.

அதாவது நாம் யார் ஜெயிக்க வேண்டும் என்று விரும்புகிறோமோ அவர்களுடைய முதல் துப்பு இப்படி வந்தது. நாவல் இதைக் கண்டிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. பலர் இதை நாவலின் நடுநிலை என்று புகழ்கிறார்கள். என்னால் அவ்வளவு எளிதாகத் தாண்ட முடியவில்லை. பக்கங்கள் ஓடும் வேகத்திலேயே இதையும் தாண்டி ஓடிவிடுகிறோம், அடுத்த அத்தியாயத்தில் லெபெல் வந்ததும் உற்சாகமாகிவிடுகிறோம். வேகமான நாவலுக்கு இப்படி ஒரு ஆபத்து இருக்கிறது, நின்று வருத்தப்பட வேண்டிய இடத்தில் நிற்க விடாது. நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். அவன் கேட்டதெல்லாம் மகளைப் பார்க்க வேண்டும் என்பது.

மார்ச் 2

பெண்கள் பற்றிச் சொன்னவருக்கு: முழுக்க ஒத்துக்கொள்கிறேன். சீமாட்டி ஒருத்தி வருகிறாள், அவன் ஒளிய இடம் தருகிறாள், துப்பாக்கியைப் பார்த்துவிட்டதால் சாகிறாள். தகவல் கறக்கும் இன்னொருத்தி வருகிறாள், அவளுக்காவது பழிவாங்கக் காரணம் இருக்கிறது. ஆண்களுக்குத் தொழில் இருக்கிறது, பெண்களுக்கு அறைகள் மட்டும் இருக்கின்றன. அந்தக் காலம் அப்படி என்று சொல்லி விட்டுவிட மனமில்லை. துப்பாக்கி செய்துகொடுப்பவன் வீட்டு மேஜைக்குக் கொடுத்த கவனத்தில் பாதியை அந்தச் சீமாட்டிக்குக் கொடுத்திருக்கலாம்.

மார்ச் 7

2024இல் வந்த தொடரைப் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்தவர்கள் ஏமாந்துபோவது ஏன் என்று புரிகிறது. தொடர் இன்றைய காலத்தில் நடக்கிறது, கொலைகாரனுக்கு மனைவி, குழந்தை, வீடு எல்லாம் உண்டு. அது வேறு கதை, வேறு ருசி. 1973இல் சின்னெமன் எடுத்த படம்தான் நாவலின் நடையை அப்படியே வைத்திருக்கிறது.

இன்றைய கதையில் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவரவே முடியாது: காகிதம் நகரும் வேகம். நாவலில் லெபெலின் பெரிய ஆயுதம் விடுதிப் பதிவு அட்டை. விடுதியில் தங்கும் ஒவ்வொருவரும் ஒரு அட்டையை நிரப்ப வேண்டும், அதைப் போலீஸ் சேகரிக்கும், நாடு முழுவதிலிருந்தும் வந்த அட்டைகளில் ஒரு பெயரை ஆட்கள் உட்கார்ந்து தேடுவார்கள். டக்கன் என்ற பெயர் கிடைத்து, எந்த விடுதி என்று தெரிந்து, ஆட்கள் போய்ச் சேர்வதற்குள் அவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டிருக்கிறான். ஒரு அட்டை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போக எடுத்துக்கொள்ளும் சில மணி நேரம்தான் அவன் ஆயுள். கைபேசி இருக்கும் உலகில் இதே இடத்தில் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி ஒளிரும், முடிந்தது. அதனால்தான் இப்போதைய எழுத்தாளர்கள் ஓட்டத்தையும் வெடிச்சத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அவனுக்கும் அதே கதைதான். பாரிஸில் ஒரு எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால்தான் நிலவரம் தெரியும். பேசி, தன்னைப் பற்றித் தெரிந்துவிட்டது என்று கேட்டபிறகு, திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்கும் இடம் ஒன்று வருகிறது பாருங்கள். போகலாம், முன்பணம் கையில் இருக்கிறது, யாரும் தேடி வரப்போவதில்லை. ஆனால் போகவில்லை. பணத்துக்காகவா, தொழில் கர்வமா என்று மறுபடி மறுபடி வாதாடுகிறார்கள். நான் கர்வம் என்பேன்.

மார்ச் 12

"கடைசியில் அதிர்ஷ்டத்தால் தப்பிக்க வைத்துவிட்டார், இவ்வளவு கட்டிவிட்டு இப்படியா" என்ற ஏமாற்றம் பலருக்கு இருக்கிறது. நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

1963 ஆகஸ்ட் 25, பாரிஸ் விடுதலை பெற்ற நாள் விழா. அந்த ஒரு நாள் மட்டும் என்ன ஆபத்து இருந்தாலும் டி கோல் மக்கள் முன்னால் வந்தே தீருவார் என்பதை அவன் எப்படிக் கண்டுபிடித்தான்? நூலகத்தில். டி கோல் எழுதியவற்றையும் அவரைப் பற்றி எழுதியவற்றையும் படித்து, அந்த மனிதரின் கர்வத்தை அளந்து எடுத்த முடிவு அது. ஆரம்பத்தில் கேட்டவருக்கு இழுவையாகத் தெரிந்த அதே நூலகம்தான். இப்படிப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடிந்த எல்லாவற்றையும் தெரிந்துகொண்டவன், ஒரே ஒரு குண்டு போடும் துப்பாக்கியோடு ஜன்னலில் காத்திருக்கிறான். கிழவர் ஒரு பழைய வீரருக்குப் பதக்கம் குத்துகிறார். குத்திவிட்டு, கன்னத்தில் முத்தமிடக் குனிகிறார். குண்டு தலைக்குப் பின்னால் போய்விடுகிறது.

இது அதிர்ஷ்டம் இல்லை. பதக்கம் கொடுத்தால் கன்னத்தில் முத்தமிடுவது அங்கே சாதாரண வழக்கம், அந்த ஊர்க்காரன் எவனும் குனிவதற்குக் காத்திருந்து சுட்டிருப்பான். இவன் ஆங்கிலேயன். அவனுடைய உடம்புக்கு அந்தப் பழக்கம் கிடையாது, அதனால் எதிர்பார்க்கவில்லை. ஓ.ஏ.எஸ். தலைவர்கள் வெளிநாட்டுக்காரனைத் தேர்ந்தெடுத்தது எதற்காக? எந்தப் பட்டியலிலும் இல்லாதவன் என்பதற்காக. எது அவனை அவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்ததோ அதுவேதான் கடைசி நொடியில் காலை வாரியது. 1963 ஜூனில் வியன்னாவில் பேசி முடித்த ஒப்பந்தத்திலேயே இந்த முடிவு இருக்கிறது.

மார்ச் 13

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும், ஏனென்றால் என்னிடம் "இந்த நாவலில் உனக்குப் பிடித்த வேகமான இடம் எது" என்று கேட்டார்கள்.

குண்டு பாயும் இடம் இல்லை. அதற்குச் சற்று முன்னால், லெபெல் கையில் ஒன்றும் இல்லாமல் தெருத் தெருவாகத் தடுப்புகளைச் சுற்றி வருகிறார். ஒவ்வொரு காவலரிடமும் ஒரே கேள்வி: யாராவது உள்ளே போனார்களா? இல்லை, இல்லை, இல்லை. வால்ரெமி என்ற இளம் காவலரிடமும் அதையே கேட்கிறார். யாரும் இல்லை, இந்தத் தெருவில் குடியிருக்கும் ஒற்றைக்கால் கிழவர் ஒருவர் மட்டும், அடையாள அட்டை எல்லாம் சரியாக இருந்தது, பாவம், உடம்பு சரியில்லாதவர்போல வெளிறியிருந்தார், ஊன்றுகோல் வைத்திருந்தார், கனமான மேலங்கி போட்டிருந்தார் என்கிறார் அவர். ஆகஸ்ட் மாதத்து வெயிலில் மேலங்கி!

அந்த வெளிறிய முகத்துக்கு, கிழவர் வேடத்தில் இருக்கும் ஜக்கால் வெடிமருந்துத் துண்டுகளை மென்று விழுங்கியிருக்கிறான் என்பதும், ஊன்றுகோலின் குழாய்களுக்குள் துப்பாக்கி பாகம் பாகமாக இருக்கிறது என்பதும் நமக்கு முன்பே தெரியும். வால்ரெமிக்குத் தெரியாது. அவர் இரக்கப்பட்டு வழிவிட்டவர். அந்தக் காவலர் சொல்லிக்கொண்டே போக, ஒவ்வொரு சொல்லுக்கும் லெபெலின் முகம் மாறுவதை நாம் பார்க்கிறோம். யாரும் ஓடவில்லை, ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை, இரண்டு பேர் நின்று பேசுகிறார்கள். மேலங்கியா என்று அவர் திருப்பிக் கேட்கும் வரியில் எனக்கு இன்றைக்கும் மூச்சு நின்றுவிடுகிறது.